தீ தெரியாத அடுப்பும் உங்கள் உள்ளங்கையும்

அக்கா,

இன்று காலை பட்டறை அடுப்பில், இரும்பின் மேல் தூவிய பவுடர் பெயிண்ட் உருகும் வாசம் எழுந்தபோது உங்கள் நினைவு வந்தது. மிளகு உதிர்க்கும் இயந்திரத்தின் தகடுகளை மலைமேல் குண்டனி நாட்டிலிருந்து கொண்டுவந்தவர் கண்ணாடி வழியே எட்டிப் பார்த்தார். "ஏனுங்க, கேஸ் அடுப்புன்னீங்க, தீயே காணோமே" என்றார். "தீ தெரியாதுங்க, சூடு தெரியும்" என்றேன். நீங்கள் சொல்வதுதான்.

நீங்கள் அடிவாரத்து இரும்புக்கடைக்காரி, நான் வளப்பூர் நாட்டு வெல்டிங்காரி. கூட்டாகப் பட்டறை போட்டபோது ஊர் சிரித்தது. பழைய பர்னரில் வேகவைத்த இரும்புக் கேட்டுகளும் சிரிப்பாய்த்தான் இருந்தன. தீ பட்ட அடிக்கம்பி கருகும். மேல்கம்பியில் சுரண்டினால் பெயிண்ட் நகத்தோடு வரும். அடி தீய்ந்து மேல்மாவு வேகாத தோசைதான்.

அதனால்தான் அடுப்பின் உள்சுவரில் பதிக்கும் இந்த கேஸ் பலகைகளை வாங்கினோம். அவற்றுக்குள் இருக்கும் மருந்து பூசிய வலையை முதலில் கரண்டில் சூடாக்க வேண்டும். அது நன்றாகச் சூடான பிறகே கேஸைத் திறக்க வேண்டும். அப்போதுதான் கேஸ் அந்த வலையிலேயே தீயில்லாமல் எரிந்து, இரும்புக்கு மூலைமுடுக்கெல்லாம் ஒரே சூட்டைக் கொடுக்கும்.

புது அடுப்புக்குப் பூஜை போட்ட அன்று கரண்டு போய்ப் போய் வந்தது. நல்ல நேரம் முடியப் போகிறது என்ற அவசரத்தில், வலை சூடாகும் முன்பே நான் கேஸைத் திறந்துவிட்டேன். வெளியே போய்க் கற்பூரம் ஏற்றித் தட்டோடு வந்தேன். வாசலில் மறித்து நின்றீர்கள். எரிகிற கற்பூரத்தின் மேல் உள்ளங்கையை வைத்து அழுத்தி அணைத்தீர்கள்.

கோபம் வந்தால் என் நாக்கு முன்னால் ஓடும், புத்தி பின்னால் நடந்து வரும். என் சொந்தக்காரர்கள் அத்தனை பேர் முன்னாலும் கேட்டேன்: "உங்களுக்கு எங்க சாமி ஆவாதுன்னா, முன்னாலயே சொல்லியிருக்கலாமுங்களே."

வேறு சாமியைக் கும்பிட்டாலும், ஆயுத பூஜைக்கு வருஷா வருஷம் என் வெல்டிங் மெஷினுக்குச் சந்தனம் வைத்தவர் நீங்கள். உள்ளே போய் கேஸை மூடினீர்கள், ஜன்னல்களைத் திறந்தீர்கள், எல்லாரையும் ரோட்டுக்கு அனுப்பினீர்கள். அதன் பிறகுதான், எரியாமல் பட்டறைக்குள் நிரம்பியிருந்த கேஸின் வாசமே எனக்கு எட்டியது. அந்தத் தட்டோடு இரண்டடி உள்ளே போயிருந்தால் இந்தக் கடிதத்தை எழுத நான் இருந்திருக்க மாட்டேன்.

கிணற்றடியில் உங்கள் கைக்குத் தண்ணீர் ஊற்றினேன். மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன். நீங்கள் முந்திக்கொண்டீர்கள். "வுடு கண்ணு. கற்பூரத்த நாளைக்கு வாசல்ல காட்டிக்கலாம். உன் சாமி எங்க போவப்போவுது?"

மறுநாள் வலை சூடாகும்வரை பொறுமையாக நின்றோம். வெளியே வந்த கேட்டின் நான்கு மூலையும் ஒரே நிறம். கட்டுப் போடாத கையால் அதைத் தடவிக்கொண்டே இருந்தீர்கள்.

நீங்கள் கண்மூடி இது இரண்டாவது மழைக்காலம். பட்டறை நன்றாக நடக்கிறது. என் கையில் ஒரு தகடும் கருகுவதில்லை. ஆனால் அந்தச் சொல்லுக்கு நான் மன்னிப்புக் கேட்கவே இல்லை. கேட்க வாயெடுத்த போதெல்லாம் பேச்சை மாற்றினீர்கள். உங்கள் கையில் இருந்த தழும்பைப் பற்றி யாராவது கேட்டால், "அடுப்புல சுட்டுக்கிச்சுங்க" என்று முடித்துவிடுவீர்கள்.

இப்போதும் யாராவது அந்தத் தழும்பைப் பற்றிக் கேட்டால் நான் அப்படி முடிப்பதில்லை. அன்று என்ன சொன்னேன் என்பதை, அதே சொற்களில், முழுதாகச் சொல்லிவிடுகிறேன்.