திண்டிவனத்தில் அப்பா சொன்ன பதில்

விக்கிரவாண்டி,
ஐப்பசி, ஞாயிற்றுக்கிழமை.

அன்புள்ள கண்ணு கோகுலகிருஷ்ணனுக்கு, அம்மா ஆசியுடன் எழுதுவது. அப்பாவும் நானும் உடம்புக்குச் சுகமாக இருக்கிறோம், நீயும் மஸ்கட்டில் வேளைக்குச் சாப்பிட்டு, வெயிலில் ரொம்ப நிற்காமல் சுகமாக இருக்க வேண்டும் என்று மயிலம் முருகனை வேண்டுகிறேன். உடம்புக்கு என்று மட்டும் எழுதியிருக்கிறாளே என்று பார்க்காதே, மற்றதைத்தான் இந்தக் கடிதம் முழுக்க எழுதப் போகிறேன். போனில் சொல்லலாம் என்றால் அப்பா பக்கத்திலேயே இருக்கிறார், நானும் அழாமல் சொல்லி முடிக்க மாட்டேன். ஓமந்தூர் தமிழ்மணி லீவு முடிந்து உங்கள் கம்பெனிக்கே திரும்புகிறானாம், அவன் கையில் கொடுத்தனுப்புகிறேன். முழுக்கப் படித்த பிறகு போன் செய், பாதியில் செய்யாதே.

சித்திரைத் திருவிழாவோடு அப்பா மைக்செட் வேலைக்குப் போவதை நிறுத்திவிட்டார். தோள்வலி என்று உனக்குச் சொன்னோம், எங்களுக்கும் அதுதான் தெரியும். சுற்றுப்பட்டில் யார் வீட்டுக் கல்யாணமானாலும் மைக்கைப் பிடித்து மாப்பிள்ளை வீட்டாரைக் கேலி பேசிப் பந்தலையே சிரிக்க வைக்கிற மனுஷன், வீட்டில் 'ம்', 'ஊஹூம்' இரண்டோடு நிறுத்திக்கொண்டார். விடிவதற்கு முன்பே விழித்துக்கொண்டு சுவரைப் பார்த்தபடி படுத்திருப்பார். ஆள் பாதியாக இளைத்துவிட்டார். கேட்டால் தோள் என்பார். நானும் எண்ணெய் தேய்த்தேன், ஒத்தடம் கொடுத்தேன், அந்த ஸ்பீக்கர் குழாய்களைத் தூக்கித் தூக்கித்தான் இப்படி ஆனது என்று ஸ்பீக்கரைத் திட்டினேன். உன் தங்கை ஆர்த்திதான், தன் மாமியார் மூட்டுவலிக்குப் போகிற அக்குபங்சர் டாக்டரம்மா திண்டிவனத்தில் மேம்பாலத்துக்குப் பக்கத்தில் இருக்கிறார், ஒரு தடவை காட்டுங்கள் என்று சொன்னாள். போனோம்.

அந்த டாக்டரம்மா பெயர் சங்கவி, உன் தங்கை வயதுதான் இருக்கும். தோளை அமுக்கிப் பார்த்தார், அதோடு விடாமல் தூக்கம் எப்படி, பசி எப்படி, எதிலாவது ஆசை இருக்கிறதா என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். தோளுக்கும் ஆசைக்கும் என்ன சம்பந்தம் என்று நான் நினைத்துக்கொண்டிருக்கும்போதே, "ஐயா, உயிரோட இருக்க வேணாம்னு எப்பவாச்சும் தோணுதுங்களா?" என்று கேட்டுவிட்டார் கண்ணு. "இன்னாம்மா கேக்கற, நல்லா வாழ்ந்துக்கினு கீற மனுசனப் பாத்து" என்று எழுந்தே விட்டேன். அப்பா என்னைக் கையமர்த்தினார். "தோணுதும்மா, தெனம் தோணுது" என்றார். பந்தியில் தண்ணீர் வைத்தாகிவிட்டதா என்று கேட்டால் பதில் சொல்வாரே, அந்தக் குரல். அழவில்லை, தலை குனியவில்லை. பக்கத்தில் இத்தனை வருஷம் படுத்திருக்கிற எனக்குத் தெரியாத ஒன்றை, அன்றைக்குத்தான் பார்க்கிற ஒரு பெண்ணிடம் சொல்கிறார்.

டாக்டரம்மா பதறவில்லை. "சொன்னது நல்லதுங்க ஐயா" என்றார். பிறகு என்னைப் பார்த்து, "அம்மா, இது மனச்சோர்வு நோய். ஊசி இதுக்கு ஒத்தாசைதான், வைத்தியம் இல்ல. சில பேருக்கு இதால தூக்கம் வரும், படபடப்பு அடங்கும், சில பேருக்கு ஒண்ணுமே தெரியாது. இன்னிக்கே விழுப்புரத்துல மனநல டாக்டரப் பாருங்க, தனியா வுடாதீங்க" என்று சொல்லி, அவரே போன் செய்து விவரமும் சொல்லி வைத்தார். வயலுக்கு வாங்கிய பூச்சி மருந்தை வீட்டை விட்டே அப்புறப்படுத்தச் சொன்னார். அதை மூட்டை கட்டி ஆர்த்தியின் புருஷனிடம் கொடுத்துவிட்டேன். கரும்புக்கு அடிக்கிற மருந்து என்றுதானே இத்தனை நாளும் அதைத் தாண்டித் தாண்டி நடந்துகொண்டிருந்தேன்.

விழுப்புரம் பெரியாஸ்பத்திரி டாக்டர் பொறுமையாகப் பேசினார், மாத்திரை கொடுத்தார், வேலை செய்யச் சில வாரம் ஆகும், நடுவில் நிறுத்தக் கூடாது என்றார். ஊசியும் போட்டுக்கொள்ளலாமா என்று கேட்டதற்கு, மாத்திரையோடு சேர்த்துத் தாராளமாகப் போடுங்கள் என்றார். நான் அவரிடம், பிள்ளை வெளிநாடு போன ஏக்கமா சார் என்றும் கேட்டேன். "சர்க்கரை வியாதி யாரு போனதால வந்ததுன்னு கேப்பீங்களா? அந்த மாதிரிதாம்மா இதுவும்" என்றார். அதனால் நீ உன்மேல் எதையும் இழுத்துப் போட்டுக்கொள்ளாதே.

வாரா வாரம் திண்டிவனம் போனோம். மயிரிழை மாதிரி ஊசி, மணிக்கட்டில், காதில், உச்சந்தலையில் எல்லாம் வைத்தார்கள். முள் குத்தினாலே ஊரைக் கூட்டுகிற மனுஷன் தலையில் ஊசியோடு குறட்டை விடுகிறார், நான் வாயைப் பொத்திக்கொண்டு பார்க்கிறேன். வீட்டிலும் கொஞ்சம் தூங்கினார். சரி, வழிக்கு வந்துவிட்டது என்று இருந்தேன். அங்கேதான் உன் பெரியப்பா வந்து சேர்ந்தார். தாண்டவராயன் மாமாவுக்கு மனசில் வஞ்சகம் கிடையாது, அது எனக்கும் தெரியும். ஆனால் செல்போனில் எதையோ பார்த்துவிட்டு வந்து, "அது பைத்தியத்துக்குக் குடுக்கற மாத்தரடா, ஊசியிலயே சரியாப் பூடும், தூக்கிக் கடாசு" என்று அப்பாவிடம் சொல்லியிருக்கிறார். அப்பாவும் எனக்குத் தெரியாமல் நிறுத்திவிட்டார். என் கண்ணெதிரே தண்ணீரைக் குடிப்பார், மாத்திரையைக் கொல்லையில் எறிந்துவிடுவார்.

புரட்டாசி சனிக்கிழமை நான் கோயிலுக்குப் போய்த் திரும்புவதற்குள் ஆளைக் காணோம். மொபெட்டும் இல்லை, போன் கட்டில்மேல் கிடக்கிறது. அந்தக் காலையை நான் எப்படி எழுதுவேன் கண்ணு. டோல்கேட் வரைக்கும் செருப்பில்லாமல் ஓடினேன். லாரிக்காரர்களை எல்லாம் நிறுத்திக் கேட்டேன். பெரியப்பா கிணறு கிணறாக எட்டிப் பார்த்துக்கொண்டு, "நான்தான் கெடுத்துட்டேன், நான்தான் கெடுத்துட்டேன்" என்று அழுதுகொண்டே போகிறார், அப்போதுதான் மாத்திரை விஷயமே எனக்குத் தெரிந்தது. அங்கேயே ரோட்டோரம் உட்கார்ந்துவிட்டேன். அந்த நேரம் மண்டகப்பட்டிலிருந்து என் சித்தப்பா மகள் கெங்கம்மாள் போன் செய்தாள். வயலில் மல்லாட்டைக் கடலை பிடுங்கப் போனவள், "யக்கா, மாமா இங்க கொகக் கோயில்ல குந்திக்கினு கீறாரு, கூப்ட்டா பேச மாட்டறாரு, நான் பக்கத்துலயே கீறன், நீ ஜல்தியா வா" என்றாள். ஆட்டோ பிடித்துப் போனோம். அந்தக் குகைக் கோயில் கல்தூணில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்ததும், "சாவறதுக்கு வரல லட்சுமி. அந்த நெனப்பு வுட மாட்டுது, அதான் அதுக்குத் தப்பிச்சி இங்க வந்து குந்திக்கினேன்" என்றார். கெங்கம்மாள் அவர் கையை விடாமல் பிடித்திருந்தாள். நல்ல பெண், அவளிடம் நீ ஒரு வார்த்தை பேசு.

நேராகத் திண்டிவனம் போய் ஊசி போட்டால் அடங்கும் என்று சங்கவி டாக்டருக்குப் போன் செய்தேன். அவர் ஒரேயடியாக மறுத்துவிட்டார். "இங்க வராதீங்க, விழுப்புரம் போங்க, மாத்திரைய நிறுத்தினத மறைக்காம சொல்லுங்க. அப்பறம் நான் ஊசி போடறேன்" என்றார். வருகிற ஆளை வேண்டாம் என்று திருப்பி அனுப்பும் வைத்தியரை நான் பார்த்ததே இல்லை. விழுப்புரத்தில் சில நாள் படுக்கையில் வைத்திருந்து, மாத்திரையை மாற்றிக் கொடுத்தார்கள். உன்னிடம் காய்ச்சல் என்று சொன்னது அதைத்தான். பெரியப்பாதான் துணைக்குப் படுத்திருந்தார், இப்போது மாத்திரை போட்டாயா என்று தினமும் அவரே வந்து நிற்கிறார், அந்தப் பேஜாருதான் பெரிய பேஜாராக இருக்கிறது.

முழுக்கச் சரியாகிவிட்டது என்று பொய் எழுத மாட்டேன். சில நாள் நன்றாக இருக்கிறார், சில நாள் மறுபடியும் சுவர்தான். ஆனால் அந்த நினைப்பு வந்தால் என்னிடமே சொல்கிறார், "லட்சுமி, இன்னிக்கு வந்துச்சி" என்பார், நான் வேலையைப் போட்டுவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்துகொள்வேன்.

போன வாரம் திண்டிவனத்தில் ஒன்று நடந்தது. அப்பாவுக்கு ஊசி எடுத்த பிறகு டாக்டரம்மா என்னைப் பார்த்து, நீங்கள் தூங்குகிறீர்களா அம்மா என்று கேட்டார். எனக்கென்ன என்றேன். அவர் விடவில்லை, நாடியைப் பிடித்துப் பார்த்துவிட்டுப் படுக்க வைத்து நாலைந்து ஊசி போட்டார். கண்ணை மூடியதுதான் தெரியும். அரைத்தூக்கத்தில் கதவுப் பக்கம் அப்பா குரல் கேட்டது. விழுப்புரம் பஸ் போய்விடும் என்று, எங்களுடன் வந்த ஆர்த்தி என்னை எழுப்பப் பார்த்திருக்கிறாள், அவர் அவளைத் தடுத்து, "போனாப் போவுது, அடுத்த பஸ்ல போலாம். உங்கம்மா தூங்கி எம்மாம் நாளாச்சி தெரியுமா, நானும் பாத்துக்கினுதான் கீறேன்" என்றார். எதையும் பார்க்காமல் சுவரைப் பார்த்துக்கொண்டு கிடக்கிறார் என்றல்லவா நினைத்திருந்தேன். கண்ணைத் திறக்கவில்லை, அப்படியே படுத்திருந்தேன்.

நீ பதறி டிக்கெட் போடாதே, பொங்கலுக்கு வந்தால் போதும். அப்பாவிடம் பேசும்போது தைரியமாக இருங்கள் என்று சொல்லாதே, உன் வேலையைப் பற்றிப் பேசு, அவர் பேசாவிட்டாலும் நீ பேசு. உனக்கும் அந்த ஊரில் மனசு கனத்தால் தோள்வலி என்று சொல்லாமல் உள்ளதைச் சொல். மயிலம் முருகன் உன் கூடவே இருந்து காக்கட்டும், நீண்ட ஆயுளோடு நிம்மதியாக இரு.

உன் அம்மா,
து. லட்சுமியம்மாள்