கொடைக்கானலுக்குப் போன ஆஸ்டர்

மே 4, ஞாயிறு

ஆஸ்டர் கன்றைச் செல்வியிடம் கொடுத்துவிட்டேன். பனிமலைப் பாறைகளில் வருடா வருடம் பூக்கிற சாமந்தி வகை அது. விதையை ஈரத்துணியில் சுற்றி மூன்று வாரம் பிரிட்ஜில் வைத்து முளைக்க வைத்தேன். ஆறு கன்று வந்தது. திண்டுக்கல் வெயில் ஐந்தைக் கருக்கிவிட்டது. மிஞ்சியதைக் காப்பாற்ற, கொடைக்கானலில் இருக்கும் நாத்தனார் செல்வியைத்தான் கேட்க வேண்டியிருந்தது. என் மகள் கல்யாணத்துக்கு நான் நேரில் போய் அழைக்கவில்லை என்று அவள் பேச்சை நிறுத்தி இரண்டு வருடம். நேற்று நானே போன் செய்தேன். "காலைல வாரேன்" என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டாள்.

பஸ் ஸ்டாண்டில் அந்த வெக்கையிலும் ஸ்வெட்டரோடு இறங்கினாள். முதலில் தொட்டியைப் பார்த்தாள், பிறகு என்னை.

"ஏன் மதினி, இம்புட்டு நாளா என் நெனப்பு வரல. செடி வாடவுந்தான் வந்துச்சோ?"

"தப்பு என் மேலதான் செல்வி. வீட்டுக்கு வா, சாப்பிட்டுப் போகலாம்."

"செத்த நேரம் நின்னாலும் இது கருகிரும். நான் கிளம்புறேன்."

அடுத்த பஸ்ஸிலேயே ஏறிவிட்டாள். சன்னலோரம் உட்கார்ந்து, தொட்டிக்கு முந்தானையால் நிழல் பிடித்தாள்.

சாயங்காலம் அவளே போன் செய்தாள். "வச்சாச்சு மதினி. பூத்ததும் சொல்றேன், அண்ணனையும் கூட்டிட்டு வாங்க."

மனசு லேசாகிவிட்டது. ஆனாலும் அவள் கேட்டது உறுத்துகிறது. கன்று வாடாமல் இருந்திருந்தால் கூப்பிட்டிருப்பேனா? தெரியவில்லை. பூக்கிற வரைக்கும் காத்திருக்க வேண்டாம், புதன்கிழமையே போய் அவளைப் பார்த்துவிட்டு வருவோம் என்று இவரிடம் சொல்லிவிட்டேன்.