எல்லைக் கல்லைத் தாண்டாத மகாராசா

மாப்பிள்ளே,

இன்றைக்குக் கோவில்பட்டி பஜாரில் ஈர மஞ்சள் கயிற்றின் வாசனை அடித்தது. கடை வாசலில் அப்படியே நின்றுவிட்டேன். உன் காலிலும் கடைசியில் அந்த வாசனைதான்; வேறொரு வாடையை மறைக்க அரைத்துப் பூசிய மஞ்சள்.

உன்னைப் பெற்றவள் என் அக்காள். அந்த ஒரே தகுதியில்தான் பூமியில் மிச்சமிருந்த கடைசி மகாராசாவைக் கேலி செய்யும் உரிமை எனக்குக் கிடைத்தது. உன் அரண்மனை வௌவால்கள் ஒரே நேரத்தில் சிறகடித்தால் கயத்தாற்றில் லாரி கவிழும் என்பேன். செயின் கழன்ற உன் சைக்கிளைப் பட்டத்து யானை என்பேன். நீ மீசையை நீவிக்கொண்டு சிரிப்பாய். அந்த யானையை மிதித்துத்தான் பருத்திக் கமிஷன் கடைக்குப் போய் மூட்டைக்கு நம்பர் போடுவாய். "ஏலே ராசா, அந்த மூட்டைய நகத்து" என்பார்கள். அதற்கும் சிரிப்பாய்.

உன் பாட்டன்மார் ஆண்டதில் உனக்கு மிஞ்சியது, சித்திரையில் அம்மன் கோயில் கொடைத் திருவிழாவுக்கு உன் மணிக்கட்டில் கட்டும் காப்புக் கயிறு. கட்டிவிட்டால் கொடை முடியும்வரை செருப்புப் போடக் கூடாது. ஊர் எல்லைக் கல்லைத் தாண்டக் கூடாது. அந்த நாட்களில் கமிஷன் கடை முதலாளியே துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு உன் முன்னால் நிற்பார்.

அந்த வருஷம் காப்புக் கட்டிய மறுநாளே உடைமுள் உன் பாதத்தில் ஏறியது. உனக்கோ சர்க்கரை உடம்பு. கால் வீங்கி, கரிசலைவிடக் கறுத்தது. வேட்டிக்குள் அதை மறைத்துக்கொண்டு, வந்தவர்களுக்கெல்லாம் விபூதி கொடுத்தாய். நான் வேன் பிடித்து வந்தேன்.

"மகாராசா, முள்ளு மேல படையெடுத்துத் தோத்துட்டீரு. ஆஸ்பத்திரிக்கு வாரும்."

"கொடை முடியட்டும் மாமா."

"ஏலே, காலு போயிரும்லே!"

பூசாரி அண்ணாச்சியே கத்தரிக்கோலோடு வந்தார். "ஆத்தா ஒண்ணும் நெனைக்கமாட்டா. அறுத்துருதேன், கைய நீட்டுங்க."

மிட்டாயை ஒளிக்கும் பிள்ளையைப் போலக் கையை நெஞ்சோடு சேர்த்துக்கொண்டாய்.

"இத அறுத்துட்டா நான் யாரு அண்ணாச்சி?"

பூசாரி கத்தரிக்கோலை மடியில் செருகிக்கொண்டு போய்விட்டார்.

கடைசி நாள் உன் தலையில் பரிவட்டம் கட்டும்போது இரண்டு பேர் உன்னைத் தாங்கினார்கள். கட்டி முடித்ததும் அவர்களைத் தள்ளிவிட்டு நிமிர்ந்து நின்றாய். பெண்கள் குலவையிட்டார்கள். தீபாராதனை முடிந்து காப்பை அவிழ்த்த உடனே வேனில் கிடத்தினோம். உன் தலை என் மடியில் கொதித்தது.

"மாமா, கல்லு தாண்டியாச்சா?"

"தாண்டியாச்சு மாப்ளே."

"அப்ப இனி மூட்டைக்கு நம்பர் போடுதவன்தான்."

சிரித்தாய். கோவில்பட்டி பஸ் ஸ்டாண்டு தெரிந்தபோது என் மடி கனத்துவிட்டது. டிரைவரிடம் நான் எதுவும் சொல்லவில்லை. அவன் ஆஸ்பத்திரி வரைக்கும் ஹாரன் அடித்துக்கொண்டே போனான்.

உனக்குப் பிள்ளை இல்லை. இப்போது காப்பை அரண்மனைக் கதவின் நாதாங்கியில் கட்டுகிறார்கள். அதற்கு முள் குத்தாது, நல்ல ஏற்பாடுதான்.

நான் இன்னும் அந்த வழியாகத்தான் பஸ்ஸில் வந்து போகிறேன். கல் நெருங்கும்போது மடியிலிருக்கும் பையை எடுத்துக் கீழே வைத்துவிடுகிறேன். உன் தலைக்கு இடம் வேண்டுமே.