ஹஜ்ஜுப் பெருநாள் காலை பத்தேகாலுக்கு நடந்ததாகச் சொல்லப்படும் வியாபாரம்

அனுப்புநர்:
பக்ரி ஸஹ்ரான்,
ரயில்வே கால அட்டவணை எழுத்தர் (ஓய்வு),
ஸகாஸீக், எகிப்து.

பெறுநர்:
உயர்திரு அதிகாரி அவர்கள்,
முதலீட்டாளர் குறைதீர் பிரிவு,
பங்குச்சந்தைக் கண்காணிப்பு அலுவலகம்,
கெய்ரோ.

பொருள்: இணையத்தில் விற்கப்படும் ‘தங்கத் தூண்டில்’ என்னும் வர்த்தக முறை நம்பத்தகாதது என்று என் மைத்துனருக்கு வியாழக்கிழமைக்குள் முத்திரையிட்டு எழுதித்தர வேண்டுதல்.

மதிப்பிற்குரிய ஐயா,

இங்கே நான் எழுதப்போவதை யாரும் நம்பப்போவதில்லை. என் மனைவி நம்பவில்லை. தபால் நிலையத்தில் உறை விற்ற அம்மையாரும் நம்பவில்லை. ஆயினும் முப்பத்தெட்டு ஆண்டுகள் ரயில்களுக்குக் கால அட்டவணை எழுதியவன் என்ற முறையில், நம்ப முடியாதவற்றை எழுதும் பயிற்சி எனக்கு உண்டு என்பதைப் பணிவுடன் தெரிவித்துக்கொள்கிறேன்.

1. என் மனைவியின் தம்பி வக்தி, பள்ளிப் பேருந்து ஓட்டுநர். நைல் நதியின் இரு கரைகளிலும் அவரைப்போல் நல்லவர் கிடையாது. நடுவிலுள்ள மீன்களையும் சேர்த்தே சொல்கிறேன். அவருடைய ஒரே மகள் நெஸ்மாவுக்கு நோன்புப் பெருநாள் கழிந்ததும் திருமணம். அதற்கான சீரைப் பதினோரு ஆண்டுகளாகப் பானை பானையாகச் சேர்த்திருக்கிறார். குளிர்சாதனப் பெட்டி, சலவை இயந்திரம், நாலாயிரம் தட்டுகள், செங்கடலையே துடைத்தெடுக்கப் போதுமான துண்டுகள். அவ்வீட்டில் எல்லோரும் பக்கவாட்டில்தான் நடக்கிறார்கள். சென்ற கோடையில் வக்தி அட்டைப்பெட்டிகளுக்கு நடுவே உறங்கியபோது, வந்த விருந்தாளி ஒருவர் அவரையும் சீர் என்று எண்ணி விலை விசாரித்தார்.

2. இந்நிலையில் டாக்டர் ஹாஸெம் பாஷா என்பவர் வக்தியின் கைபேசியில் தோன்றினார். அவர் டாக்டரும் அல்லர், பாஷா என்ற பிரபுப் பட்டம் பெற்றவரும் அல்லர். எந்த நாளில் எந்தப் பங்கை வாங்கி எப்போது விற்பது என்று சொல்லும் விதிகளுக்குத்தான் ‘தங்கத் தூண்டில்’ என்று பெயர். நூற்றுக்குத் தொண்ணூற்றேழு முறை லாபம் என்று ஐந்தாண்டுப் பட்டியலும் உண்டு. வரும் வியாழனன்று சீர் முழுவதையும் வியாபாரி ஒருவருக்கு விற்று, அந்தத் தொகையைப் பாஷாவிடம் ஒப்படைக்க வக்தி முடிவு செய்துள்ளார்.

“ரெண்டே மாசம் மச்சான், ஒரு ஃபிரிட்ஜ் ரெண்டாயிரும்” என்றார்.

“ஃபிரிட்ஜ் குட்டி போடுமாய்யா?” என்றேன்.

“உங்களுக்குப் பொறாமை. டீயைக் குடிங்க.”

3. மேற்படி பட்டியலை மூன்று பகல்கள், தொண்ணூறு கோப்பைத் தேநீர் செலவில் ஆராய்ந்தேன். நேற்று வந்த ரயில்களுக்கு அட்டவணை எழுதச் சொன்னால் நானும் ஒரு நொடி பிசகாமல் எழுதிவிடுவேன். நாளைய ரயில்தான் சிரமம். பாஷா செய்திருப்பதும் இதுவே: நடந்து முடிந்த விலைகளைப் பார்த்து, அவற்றுக்குப் பொருந்தும்படி விதியைத் தைத்திருக்கிறார். பொருந்தாமல் போன விதிகள் எத்தனை குப்பைக்குப் போயின என்று எங்கும் சொல்லவில்லை. தவிர, எண்ணூறு முறை வாங்கி விற்றும் தரகர்கள் ஒரு காசு கூலி கேட்கவில்லை. இத்தகைய தரகர்கள் சொர்க்கத்திலும் இருப்பதாக நான் கேள்விப்பட்டதில்லை.

இதையெல்லாம் சொன்னேன். “நீங்க சொல்றதுல பாதி பொய், மீதி ரயில் தாமதம்” என்றார் வக்தி.

4. முக்கியமான விஷயம் இனிமேல்தான். 2024 ஜூன் 16, ஞாயிறு, காலை 10:15-க்குப் பங்கு வாங்கி, 11:40-க்கு லாபத்தில் விற்றதாகப் பட்டியலில் உள்ளது. ஐயா, அன்று ஹஜ்ஜுப் பெருநாள். வெள்ளியும் சனியும் சந்தை விடுமுறை என்பதை மறக்காத பாஷா, பிறையோடு நகர்ந்து வரும் பெருநாளை மறந்துவிட்டார். அதே பத்தேகாலுக்கு வக்தியின் ஆடு கயிற்றை அறுத்துக்கொண்டு ஆறாம் மாடிக்கு ஏறியிருந்தது. பின்னங்காலை நான் பிடித்திருந்தேன். கொம்பை வக்தி பிடித்திருந்தார். ஊரே கீழே நின்று யோசனை சொல்லிக்கொண்டிருந்தது. எகிப்தில் அந்நேரம் கை காலியாக இருந்தவர் எவருமில்லை. பூட்டிய சந்தையில் பாஷா யாரிடம் வாங்கினார்?

அதற்கு வக்தி சொன்ன பதில்: “கம்ப்யூட்டருக்கு ஏது மச்சான் பெருநாள்? நீங்க சொன்னா நான் நம்ப மாட்டேன். அரசாங்கக் கழுகு முத்திரை வெச்ச காகிதம் கொண்டாங்க, நம்பறேன்.”

5. நெஸ்மா நேற்று என்னைத் தனியே அழைத்தாள். “மாமா, அப்பா ஃபிரிட்ஜைப் பார்க்க ஆள் கூட்டிட்டு வந்துட்டார். பொய் சொல்லியாவது நிறுத்துங்க” என்றாள். அவளுக்காக ஒன்பது பொய்கள் சொன்னேன். வக்தி ஒன்பதுக்கும் சிரித்தார். உண்மையைச் சொன்னதற்குத்தான் கோபித்துக்கொண்டார்.

ஆகவே, அன்றைய தினம் சந்தை இயங்கவில்லை என்ற ஒரே ஒரு வரியைக் கழுகு முத்திரையுடன் வக்திக்கு அனுப்பி, அந்தப் பெண்ணின் சீர் வாசலைத் தாண்டாமல் காக்கவும், பாஷாவின் விற்பனையை விசாரிக்கவும் ஆவன செய்யுமாறு வேண்டுகிறேன்.

தட்டுகளின் எண்ணிக்கை, தேநீர்க் கணக்கு, ஆடு ஏறிய மாடி ஆகியவற்றைத் தாங்கள் விருப்பம்போல் குறைத்துக்கொள்ளலாம். சந்தை அன்று பூட்டியிருந்தது என்ற சிறு பகுதி மட்டும் உண்மை. நாற்பது வருடங்களாக நான் அளந்த கதைகளுக்கு வக்தி ஒருமுறைகூட முத்திரை கேட்டதில்லை, ஐயா. இதற்குத்தான் கேட்கிறார்.

இடம்: ஸகாஸீக்
நாள்: 9-2-2025

தங்கள் பதிலுக்காகத் தபால்காரரை வழிமறித்து நிற்கும்,
பக்ரி ஸஹ்ரான்
(ஒப்பம்)