பெட்டியின் மேல் உன் ஊர்

மாப்ள,

மார்க்கர் பேனாவின் நெடி மூக்கில் ஏறியதும் நீ வந்து நின்றாய். லீவுக்காக துபாய் அல் குசைஸ் ரூமில் அட்டைப்பெட்டியைக் கயிறு போட்டுக் கட்டிவிட்டு, மேலே என் பெயரை எழுதிக்கொண்டிருந்தேன். உன் ஞாபகம் வந்தால் கூடவே பொறாமையும் வந்துவிடுகிறது. நீ செத்தாய், அது சாகவில்லை.

என் முதல் லீவிலும் இப்படித்தான். பெயரை எழுதிப் பேனாவை மூடினேன்.

"கீழ ஊர எழுதுடா" என்றாய்.

என்னத்தை எழுத? பாசிமணியும் ஊசியும் விற்று ஊர் ஊராகப் போன கூட்டம் நாங்கள். நான் பிறந்தது உன் ஊர் ஏரிக்கரையில், இடுகாட்டை ஒட்டிய புளியமரத்தடிக் கூடாரத்தில். உன் ஊர்க்காரர்கள் அந்தக் கூடாரத்தைப் பிடுங்கி எறிந்தார்கள். "இது எங்க ஊரு எடம், நீங்க தங்கக் கூடாது" என்று விரட்டியதை அம்மா இன்னும் சொல்லி அழுவாள். உலகத்தில் இத்தனை லேபர் கேம்ப் இருக்க, அந்த ஊர்க்காரனின் மேல்கட்டில்தான் எனக்குக் கிடைத்தது, பார்!

எல்லாவற்றையும் அன்று உன்னிடம் கொட்டினேன். நீ பேனாவைப் பிடுங்கி, என் பெயருக்குக் கீழே உன் ஊரை எழுதினாய்.

"யாராவது கேட்டா நம்ம ஊருன்னு சொல்லு. எவன் இல்லைங்கறான்னு பாக்கறேன்."

எனக்கு வயிறுதான் எரிந்தது. எடுத்துக் கொடுக்கிற அளவுக்கு உன்னிடம் ஊர் இருந்ததே! இன்னொரு நாள் நான் அம்மாவோடு போனில் எங்கள் பாஷையில் பேசியதைக் கேட்டு, "குருவிக்காரன்கூட ஒரே சட்டியில சாப்பிடணுமா?" என்று ரூமில் ஒருவன் எகிறினான். "அப்ப நீ வேற சட்டி வாங்கிக்க" என்றாய் நீ. அவன் அடங்கிப்போனான். ஊர் உள்ளவன் பேச்சுக்கு எப்போதும் ஒரு பலம் உண்டு.

சைட்டில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தாய். கலாஸ், முடிந்தது. உன் உடலோடு நான்தான் ஊருக்குப் போனேன். உன் ஊரே ரோட்டில் காத்து நின்றது. எனக்கு அப்படி நிற்க யார் இருக்கிறார்கள்? உன் பெரியப்பா எனக்குத் தண்ணீர் கொடுத்தார்.

"எந்த ஊரு தம்பி?"

"இந்த ஊருதாங்க."

"யாரு வீடு?"

"ஏரிக்கரைங்க. புளியமரத்தடி."

அவருக்குப் புரிந்துவிட்டது.

அந்தப் புளியமரத்தடியில்தான் உனக்குக் குழி வெட்டியிருந்தார்கள். இடுகாடு அதுவரை வளர்ந்துவிட்டதாம். தங்கக் கூடாது என்று எங்களை விரட்டிய இடத்தில் உன்னைத் தங்க வைத்தார்கள். மண்ணை அள்ளிப் போட்டபோது அழுகை முட்டியது, ஆத்திரமும் முட்டியது. நான் பிறந்த இடம்கூட உனக்குத்தானாடா?

இன்றும் பெட்டியில் உன் ஊரைத்தான் எழுதினேன். உன் கட்டிலுக்குப் புதிதாக வந்தவன் எட்டிப் பார்த்தான்.

"அந்த ஊருல உங்களுக்கு யாருண்ணே இருக்கா?"

"என் எடத்துல ஒருத்தன் படுத்திருக்கான். அவனத்தான் பாக்கப் போறேன்."