மதகிலிருந்து அறுபத்து நாலு அடி

1969 ஜனவரி 9

மழை விட்டு மூன்று வாரம் ஆகிறது. இன்றைக்கு ஏரிக்கரை இடுகாட்டுக்குப் போய்ப் பார்த்தேன். கல் அப்படியே நிற்கிறது. நல்ல வேளை.

கார்த்திகையில் போனபோது அவரைப் புதைத்த மேடே இல்லை. தண்ணீர் ஏறி இறங்கி எல்லாம் ஒரே சேறு. இங்கேயா, அங்கேயா என்று நாலு இடத்தில் மாறி மாறி நின்றேன். சொந்தப் புருஷன் கிடக்கிற இடம் தெரியவில்லை. கடைசியில் அவர் தலைமாட்டில் வைத்த கலயத்தின் உடைந்த வாய் காலில் தட்டுப்பட்டது. அன்றைக்கே கொல்லையில் துணி துவைக்கிற கல்லைக் கொண்டுபோய் அங்கே நட்டேன். பாதி தூரம் உருட்டினேன், பாதி தூரம் தூக்கினேன். அது சர்வே கல். உச்சியில் கூட்டல் குறி கொத்தியிருக்கும். வேலையில் மிஞ்சியது என்று அவர் எப்போதோ கொண்டுவந்து போட்டது. இருபது வருஷம் சர்வேக்குச் சங்கிலி இழுத்த ஆளுக்கு அதைவிடச் சரியான கல் ஏது?

இந்தப் புத்தகமும் அவருடையதுதான். அளவு குறிக்கிற புத்தகம். முன்னால் அவர் எழுத்து, பின்னால் வெள்ளைத் தாள். அஞ்சாவது வரை படித்தது இதற்காவது ஆகட்டும். பிள்ளை குட்டி இல்லை. யாரிடம் பேச?

ஜனவரி 14

பொங்கல். பானை வைக்கவில்லை.

அவருடைய அக்கா கங்கம்மா தெருக்கோடியில் எதிரே வந்தார்கள். முகத்தைத் திருப்பிக்கொண்டு போனார்கள். பிணம் வாசலில் கிடக்கும்போது அத்தனை பேர் முன்னால் கேட்டார்களே, "காச்சலோட தண்ணியில நிக்க அனுப்பிச்சவ நீதான்மே" என்று. அதற்கப்புறம் ஒரு வார்த்தை இல்லை.

நான் அனுப்பவில்லை. அவராகத்தான் அளவு வேலைக்குக் கிளம்பினார். ஆனால் தூக்குச் சட்டியில் கஞ்சி ஊற்றிக் கையில் கொடுத்தது யார்? நான்தானே.

ஜனவரி 20

பட்டணத்துக் காலேஜில் இருந்து முப்பது பையன்கள் வந்திருக்கிறார்கள். பள்ளிக்கூடத்துக்குப் பின்னால் கூடாரம் போட்டாயிற்று. மூன்று வாரம் நம் ஏரியை அளந்து படம் போடுவார்களாம். ஏரி எவ்வளவு தண்ணீர் பிடிக்கும், எங்கே தூர்ந்திருக்கிறது, எந்த வயலுக்குப் பாயும் எல்லாம் படத்தில் வருமாம். அதுதான் அவர்களுக்குப் படிப்பு. சோறாக்க ஆள் வேண்டும் என்றார்கள். போனேன். வீட்டில் உட்கார்ந்து சுவரைப் பார்ப்பதற்கு இது மேல்.

வண்டியில் இருந்து அளவுச் சங்கிலியை இறக்கும்போது அந்தச் சத்தம் கேட்டது. கையில் இருந்த அரிசியைக் கீழே கொட்டிவிட்டேன்.

ஜனவரி 23

பையன்களுக்கு வாய் ஜாஸ்தி. ஒருத்தன் சாம்பாரைக் கலக்கிக்கொண்டே, "யம்மா, பருப்பு எங்க கீதுன்னு தூர்பீன் வெச்சுத்தான் பாக்கணும்" என்றான்.

"பருப்பு போட்டேன் நைனா. மேல வந்து நின்னு சலாம் வெக்கச் சொல்லலே" என்றேன்.

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்துவிட்டேன். பிறகு முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டேன்.

அந்த வாயாடியின் பேர் பாக்கியராஜ். திருப்பாச்சூர் பக்கம். அப்பா அம்மா கூலிக்கு நாற்று நடுகிறவர்கள். சர்க்கார் கொடுக்கிற உபகாரச் சம்பளத்தில் படிக்கிறான். நாலு பேர் கொண்ட ஒரு கும்பலுக்கு அவன்தான் தலைவன். சங்கிலியை மடிக்கும்போது முடிச்சு விழுந்து திண்டாடினான். வாங்கி நடுவில் இருந்து இரண்டு இரண்டு கண்ணியாக மடித்துக் கொடுத்தேன். அவர் மடிக்கிறதைப் பார்த்துப் பார்த்து வந்தது.

"நீ இன்னாமா, இஞ்சினீரா?" என்றான்.

ஜனவரி 28

என்ன செய்வதென்று தெரியவில்லை.

பாக்கியராஜ் கும்பல் ரயில் ரோட்டுப் பக்கத்துக் கல்லில் ஆரம்பித்து, ஏரியைச் சுற்றி அளந்துகொண்டே வந்து, இடுகாட்டு மூலையில் இருக்கிற கல்லில் முடிக்க வேண்டும். இரண்டு கல்லும் பழைய ஊர்ப் படத்தில் இருக்கிறது. சரியாக அளந்திருந்தால் படத்தில் சொன்ன இடத்தில் கல் நிற்கும். கல் பதினேழு அடி தள்ளி நிற்கிறதாம். மூன்று தடவை அளந்துவிட்டார்கள். மூன்று தடவையும் அதே பதினேழு அடி.

வாத்தியார் துளசிராமன் சாப்பாட்டு நேரத்தில் எல்லோர் முன்னாலும் அவன் புத்தகத்தைப் பலகையில் போட்டார். "இதை ஏரியில அளந்தீங்களா, மரத்தடியில படுத்துக்கினு எழுதினீங்களா? சனிக்கிழமைக்குள்ள கணக்கு சேரலைன்னா அடுத்த வருஷம் வந்து மறுபடியும் இதே கேம்ப்பைப் பண்ணுங்க."

பாக்கியராஜ் சாப்பிடவில்லை. "ஒரு வருஷம் போச்சுன்னா சம்பளத்தை நிறுத்திடுவாங்கமா. அப்புறம் எங்க நைனாகூட நாத்து கட்டத்தான் போணும்" என்றான். "எந்தக் கல்லுப்பா?" என்று கேட்டேன். "இடுகாட்டாண்ட, தலையில பிளஸ் போட்ட கல்லு. கர்ணம்கூட அதான்னு கை காட்னாரு."

அது என் கல்.

ஜனவரி 29

சொன்னால் பிடுங்கிவிடுவார்கள். பிடுங்கினால் அடுத்த மழைக்கு அவர் எங்கே என்று யாருக்கும் தெரியாது.

சொல்லவில்லை.

ஜனவரி 30

காலையில் பையன்கள் நாலு பேரும் நாஷ்டாகூடச் சாப்பிடாமல் நாலாவது தடவை அளக்கப் போனார்கள். பனியில் சங்கிலிச் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. அவர் இருந்தால் என்ன சொல்லுவார்? ஒரு கண்ணி தப்பினால்கூடத் திரும்ப முதலில் இருந்து இழுக்கிற மனுஷன். அவர் தலைமேல் பொய்க் கல்லை நட்டு வைத்திருக்கிறேன்.

கரண்டியோடு போய் வாத்தியார் முன்னால் நின்றேன்.

"அந்தக் கல்லு சர்க்காரு கல்லு இல்ல சார். எங்கூட்டுக் கல்லு. நான்தான் நட்டேன்."

"சர்வே கல்லை இஷ்டத்துக்கு நடறது குத்தம்னு தெரியுமாம்மா?"

"தெரியும் சார். எங்கூட்டுக்காரரே சொல்லிக்கீறாரு."

"தெரிஞ்சுமா?"

"அதுக்குக் கீழதான் சார் அவரு இருக்காரு."

வாத்தியார் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே இருந்தார்.

ஜனவரி 31

பாக்கியராஜ் தன் கணக்குப்படி பதினேழு அடி மேற்கே தள்ளி ஒரு முளை அடித்தான். அங்கே வெறும் சேறு காய்ந்த தரை. கடப்பாரை போட்டார்கள். ஒரு முழம் ஒன்றுமில்லை. இன்னும் ஒரு சாண் போனதும் 'ணங்' என்றது. பழைய கல், உச்சியில் கூட்டல் குறி. எந்த மழையிலோ வண்டல் மூடி உள்ளே போயிருக்கிறது. பையன்கள் கத்திய கத்தலில் ஏரியில் இருந்த நாரை எல்லாம் எழும்பிப் பறந்தது. வாத்தியார் அவன் முதுகில் தட்டினார்.

பிறகு என் கல்லைப் பிடுங்கினார்கள். குறி போட்ட கல் இரண்டு நிற்கக் கூடாதாம், நாளைக்கு வேறு யாராவது ஏமாறுவார்களாம். நியாயம்தான். வண்டியில் போட்டுக் கொல்லையில் இறக்கிவிட்டுப் போனார்கள்.

பிடுங்கின குழியை மண் தள்ளி மூடினேன். ஒரு நாழிகையில் மற்றத் தரை மாதிரியே ஆகிவிட்டது.

பிப்ரவரி 2

ஞாயிற்றுக்கிழமை. பாக்கியராஜ் சங்கிலியோடு வந்தான். "கல்லு எதுக்குமா? கல்லுகூட முழுகிப் போவுது. அசையாத ரெண்டு இடம் இருந்தா போதும்" என்றான்.

மதகு அசையாது. அதன் மேல் கருங்கல்லில் உளியால் ஒரு கூட்டல் குறி கொத்தினான். கரைமேல் ஒற்றைப் பனை இருக்கிறது. சர்க்கார் கல்லில் இருந்து பதினேழு அடி கிழக்கே அவர் இடத்தைப் பிடித்து, இரண்டில் இருந்தும் அளந்தான். மதகுக் குறியில் இருந்து அறுபத்து நாலு அடி. பனையில் இருந்து நாற்பத்தொரு அடி. இரண்டு கயிறும் ஏரிப் பக்கம் வந்து முட்டுகிற இடம்தான் அவர். சந்தேகம் வந்தால் சர்க்கார் கல்லில் இருந்து பதினேழு அடி இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளலாம். கிணற்றுக்கு வாங்கிய தாம்புக் கயிற்றை அறுத்து இரண்டு அளவுக்கும் முடிச்சுப் போட்டுக் கொடுத்தான்.

"படத்துல சின்னதா குறிக்கிறேன். பேரு இன்னாமா?"

புருஷன் பேரை எப்படிச் சொல்ல? வீட்டுக்கு ஓடி வந்து இந்தப் புத்தகத்தை எடுத்துப் போய் அட்டையைக் காட்டினேன். அவர் கையெழுத்திலேயே இருக்கிறது. பையன் சத்தமாகப் படித்தான்.

"கே. அப்பாவு. செயின்மேன்."

அவர் போனதில் இருந்து அந்தப் பேரை யாரும் கூப்பிட்டு நான் கேட்கவில்லை.

பிப்ரவரி 8

கூடாரம் பிரித்தாயிற்று. வண்டி போயிற்று. அடுப்புக் கல் மூன்றும் கறுப்பாகக் கிடக்கிறது.

ஜூன் 26

பாக்கியராஜ் கார்டு போட்டிருக்கிறான். பாஸ். கீழே, 'சாம்பாரில் பருப்பு இன்னும் அகப்படவில்லை.'

நவம்பர் 11

நாளைக்கு அவருக்கு வருஷம் திரும்புகிறது. பத்து நாளாக மழை. இன்றைக்குத்தான் வெளுத்தது. கயிற்றை எடுத்துக்கொண்டு போனேன். சர்க்கார் கல்லும் மறுபடி சேற்றுக்குள் போய்விட்டது. பனையும் மதகும்தான் இருக்கிறது.

பனையில் கயிற்றைக் கட்டிவிட்டேன். மதகில் எதில் கட்ட? வழவழ கருங்கல், ஒரு குறிதான் இருக்கிறது. குறிமேல் கயிற்றை வைத்து அதன்மேல் ஒரு கல்லைத் தூக்கி வைத்தேன். மறு நுனியை இழுத்தால் கல் உருண்டு தண்ணீரில் விழுகிறது. மூன்று தடவை. சங்கிலிக்கு இரண்டு ஆள் வேண்டும் என்று அவர் சொல்லுவாரே. ஒருத்தியால் ஆகிற வேலையா இது?

இருட்டுவதற்குள் திரும்பிவிட்டேன்.

நவம்பர் 12

விடிந்ததும் கங்கம்மா வீட்டு வாசலில் போய் நின்றேன். கயிற்றைப் பார்த்தார்கள், என்னைப் பார்த்தார்கள்.

"இன்னா?"

"ஒரு நுனியைப் புடிக்கணும்கா. அவரு எங்கன்னு பாக்கணும்."

 முந்தானையைச் செருகிக்கொண்டு முன்னால் நடந்தார்கள். வழியில் ஒரே ஒரு தடவை கேட்டார்கள்: "அன்னிக்கு இன்னா சொல்லிட்டுப் போனான்?"

"நான் போவலன்னா அளவு நின்னுடும்னாரு."

"சொல்லுவான். சின்னதுலயே அப்படித்தான். சொன்னா கேக்கற ஜென்மமா அது?"

மதகுமேல் குந்திக் குறிமேல் நுனியை வைத்து இரண்டு கட்டைவிரலாலும் அழுத்திக்கொண்டார்கள். நான் சேற்றில் இறங்கி இரண்டு கயிற்றையும் இழுத்துக்கொண்டு போனேன்.

"தொங்குதுமே! இழுத்துப் புடி!" என்று கத்தினார்கள். அசல் அவர் குரல்.

இழுத்தேன். இரண்டு முடிச்சும் ஒன்றோடொன்று முட்டிய இடத்தில் நின்றேன்.

அங்கேயே கற்பூரம் ஏற்றினோம். தம்பி பேரைச் சொல்லி அழுதார்கள். நானும் அழுதேன்.

திரும்பும்போது பனைக் கயிற்றை நான் சுருட்டினேன். மதகுக் கயிற்றை அவர்கள் சுருட்டினார்கள். கையை நீட்டினேன்.

"எங்கூட்லயே கெடக்கட்டும்" என்று தோளில் மாட்டிக்கொண்டு போனார்கள்.