ஃபிபி, டார்கஸின் மகள்

மே 6, 2019. திங்கள்

தென் கரோலினாவின் வெயில் இன்னும் முறைக்க ஆரம்பிக்கவில்லை. ஆவணக்காப்பகத்தில் ஜன்னலோர மேசை கிடைத்திருக்கிறது. வேறென்ன வேண்டும்?

திரையில் 1853. திடீர் மரணங்களை விசாரித்த தாள்களின் நகல்கள். ஓர் அடிமைக் குழந்தை. பெண், ஐந்து மாதம். வெளித்தாளில் எசமானின் பெயர். குழந்தைக்குப் பெயரே இல்லை. தாய் டார்கஸ். தீர்ப்பு: தூக்கத்தில் தாய் மேலே புரண்டதால் மூச்சடைப்பு. கீழே ஜூரியாக உட்கார்ந்த பன்னிரண்டு ஆண்களின் கையெழுத்து.

அந்தப் பன்னிரண்டில் ஒருவராவது ஒரு குழந்தையைத் தூங்க வைத்திருப்பாரா?

மே 7

இந்த ஊர்த் தேவாலயத்தின் பழைய புதைநிலத்தில், அடையாளமில்லாமல் கிடப்பவர்களுக்குக் கல் வைக்கிறார்கள். டார்கஸின் குழந்தையும் அவர்களில் ஒருத்தி. பெயர்ப் பட்டியல் என் பொறுப்பு. வெள்ளிக்கிழமைக்குள் கொடுக்க வேண்டும். தேவாலயக் காரியங்களைப் பார்க்கும் டீக்கன் பரெலுக்குப் போன் செய்தேன்.

"பேரு இருந்தா செதுக்கலாம், ஜொனெல். இல்லேன்னா விட்டுரு. கல்லுல 'யாரோ'ன்னு போட்டா செத்தவங்களுக்கே கோவம் வரும்."

"நானே ஒரு பேரு வச்சிடட்டுமா?"

"ஏன், அடிமைக்குப் பேரு வைக்க நீ என்ன எசமானியா?"

சுட்டது. சுட வேண்டிய இடத்தில்தான்.

மே 8

எர்லீன் அக்காவின் சோள ரொட்டி. காப்பகத்தில் பெட்டி எடுத்துத் தருபவர் அவர். அரை நாள் சந்தோஷமாகப் போனது.

மே 9

சாட்சிகள் சத்தியம் செய்து சொன்னதை மட்டும்தான் நகலெடுத்திருக்கிறார்கள். அடிமைகளைச் சத்தியம் செய்ய விடமாட்டார்கள். அவர்கள் சொன்னதை எழுத்தர் பின்பக்கத்தில் கிறுக்குவார். எனக்குத் தெரியும். தெரிந்தும் நான்கு நாள் — ஏன்டி?

மூலத்தாளைக் கேட்டேன்.

"இத்தனை நாளும் படமா பாத்துக்கிட்டிருந்த?" என்றார் எர்லீன் அக்கா. "பல்கலைக்கழகத்துல தாளைப் புரட்டச் சொல்லித் தரலியா, தங்கம்?"

புரட்டினோம். பின்பக்கத்தில், டார்கஸோடு வயலில் வேலை செய்த ஹெஸ்டர் சொன்னது:

"ஃபிபிக்கு மூணு நாளா காய்ச்சல். டார்கஸ் கேட்டுப் பாத்தா, வயலவிட்டு அனுப்பல. மத்தியானம் பால் குடுக்கப் போனா, பிள்ள குடிக்கல. அன்னைக்கு ராத்திரி டார்கஸ் தூங்கவே இல்ல."

தூங்கவே இல்லை. இதைக் கேட்டுவிட்டுத்தான் பன்னிரண்டு பேரும் கையெழுத்துப் போட்டிருக்கிறார்கள்.

அக்கா மூக்கைச் சிந்தினார். "அந்த டீக்கனுக்கு இப்பவே போன் போடு."

மே 10

பட்டியல் போய்விட்டது. முப்பத்தெட்டாவது பெயர், ஃபிபி.

காப்பகத்துக்காக நான் தொகுக்கும் மரண அட்டவணையில் தீர்ப்பை மாற்ற எனக்கு உரிமை இல்லை. அதன் கீழே ஹெஸ்டர் சொன்னதை ஒரு சொல் விடாமல் சேர்த்தேன். பிறகு வயிறாரச் சாப்பிட்டேன், வெட்கமே இல்லாமல்.

மே 26. ஞாயிறு

கல் திறப்பு. டீக்கன் ஒவ்வொரு பெயராகக் கூப்பிட, அந்தந்தக் குடும்பம் எழுந்து "இருக்கோம்" என்று சொல்ல வேண்டும். இந்தத் தேவாலயத்தில் அதுதான் வழக்கம்.

"ஃபிபி. டார்கஸோட மக."

யாரும் எழவில்லை. அவர்களுக்கு இங்கே ஆளில்லை. அதை நான் யோசிக்கவே இல்லை. டீக்கன் அடுத்த பெயருக்குப் போகவில்லை. கண்ணாடிக்கு மேலாக என்னையே பார்த்தபடி நின்றார்.

எழுந்தேன்.

"இருக்கோம்."

அதற்குப் பிறகு இரண்டு பெயர்கள் போயும் நின்றுகொண்டே இருந்திருக்கிறேன். எர்லீன் அக்காதான் பாவாடையைப் பிடித்திழுத்து உட்கார வைத்தார்.